சுவரில் மாட்ட ஓர் ஆள்

கூடத்துச் சுவருக்கு ஓவியம் வாங்கலாம் என்று என் கணவர் சொன்னபோது, நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான். மனுஷர் படம் வேண்டாம். மலையோ ஆறோ தென்னந்தோப்போ, எதுவானாலும் சரி. கரமனையில் எங்கள் தெரு வீடுகளில் கூடத்துச் சுவரில் ஒரு முகம் தொங்கினால், அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். உயிரோடு இருப்பவர்களின் படங்கள் அலமாரியில்தான் இருக்கும். எங்கள் சுவரில் என் மாமனாரும் மாமியாரும் மட்டும்.

எங்கள் பிள்ளையின் போட்டோ அலமாரியில் இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில், சாயங்காலம் வந்துவிடுவேன் என்று சொல்லி வித்துரா போகிற பஸ்ஸில் ஏறினான். வரவில்லை. போலீஸ், பேப்பர் விளம்பரம், ஜோசியர் எல்லாம் பார்த்தாயிற்று. அந்தப் போட்டோவைச் சுவர்ப்பக்கம் கொண்டுபோக யாரையும் நான் விட்டதில்லை.

ஓவியக் கண்காட்சிக்குப் போனால், என் நிபந்தனையைக் காற்றில் விட்டுவிட்டு ஒரு படத்தின் முன்னால் போய் நின்றுகொண்டார். ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்திருக்கும் ஒரு இளைஞன். பக்கவாட்டில் பாதி முகம். தாடையும் காதும் எங்கள் பிள்ளையுடையது என்று சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள்.

அங்கே படங்களை விளக்கிக்கொண்டிருந்த மலையாளிப் பெண் அவருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். “ஆத்யம் முகம் நோக்கண்டா அங்கிளே. கை நோக்கிக்கோ. ஆளு எந்தாணு ஆலோசிக்குன்னதுன்னு கை பறயும்.” முகத்தைப் பார்க்காதே, மனசிலிருப்பதைக் கை சொல்லும் என்கிறாள். பென்ஷன் வாங்குகிற வயதில் இவர் நோட்ஸ் எடுக்காத குறைதான்.

நானும் கையைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் முழங்காலில் ஊன்றியிருந்தன.

“எழுந்து போகப்போறான் பாருங்கோ இவன். வேண்டாம்,” என்றேன்.

“இல்லடி. நன்னா பாரு. இப்பத்தான் வந்து உக்காந்திருக்கான்.”

அந்த ஒரு வார்த்தைக்கு நான் மசிந்துவிட்டேன். இவரும் என்னைப் போலக் காத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று அப்படி ஒரு நிம்மதி. யாரோ வரைந்த யாரோ ஒருத்தன், இதற்கு என்ன சாங்கியம் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஆணி அடித்ததும் நான்தான், மாமியார் படத்துக்குப் பக்கத்தில்.

அடுத்த மாதம் மாமனார் திதி. வலியசாலையிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். திதி செய்துவைத்த வாத்தியார் போன பிறகு, வழக்கம்போலச் சந்தனக் கிண்ணத்தோடு கூடத்துக்குப் போனாள். நான் தட்டில் பூ எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அப்பாவுக்கு ஒரு பொட்டு, அம்மாவுக்கு ஒரு பொட்டு. மூன்றாவது படத்தின் முன் நின்றவள் தழுதழுத்தாள்.

“ஒருவழியா மாட்டிட்டேளா மன்னி. நல்லதாச்சு. பாவம் கொழந்தை, இத்தனை வருஷமா ஒரு பூ உண்டா அவனுக்கு?”

வாயைத் திறப்பதற்குள் நெற்றியில் சந்தனத்தை வைத்துவிட்டாள். கண்ணாடி போடாத படம். சந்தனம் நேரே வர்ணத்தின் மேல் ஒட்டிக்கொண்டது.

அவள் பேரில் தப்பில்லை. அந்த வரிசையில் ஒரு பிள்ளை முகத்தைப் பார்த்தால் இந்தத் தெருவில் யாரும் அதைத்தான் செய்வார்கள். வாசலில் வாத்தியாரை அனுப்பிவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்த என் கணவரைப் பார்த்தேன். இது கடையில் வாங்கின படம் என்று அவர் சொன்னால் போதும், விஷயம் முடிந்துவிடும்.

அவர் நேரே படத்தின் அருகே வந்தார். என் தட்டிலிருந்து ஒரு துண்டுப் பிச்சிப்பூவை எடுத்துச் சட்டத்தின் மேல் வைத்தார். பிறகு, அப்பா படத்துக்குச் செய்வதுபோலவே கண்ணை மூடிக் கைகூப்பினார்.

நாத்தனார் வீட்டுக்குத் திரும்பும்வரை பொறுத்திருந்தேன். பஸ் ஏற்றிவிட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். கோபமாகக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

“எப்போலேந்து?”

நான் எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

“ரெண்டு வருஷமாச்சு,” என்றார்.

இந்த இரண்டு வருஷமும், அவன் நம்பர் போய்விடக் கூடாது, போனுக்கு ரீசார்ஜ் பண்ணுங்கோ என்று நான் மாசாமாசம் நச்சரித்தேன். ஒரு மாசம்கூடத் தவறாமல் பண்ணிக்கொண்டிருந்தவர் இவர்தான்.