திருவிழா முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தோம்

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் பள்ளியில், இதுவரை போனதிலேயே நீளமான பயணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். கோயம்புத்தூருக்கு ரயிலில் போனதை எழுதிக்கொண்டிருந்தாள்.

"அதவிட நீளமா ஒண்ணு போயிருக்கியே. இங்கேர்ந்து வேளாங்கண்ணிக்கு. நடந்து" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "நானா நடந்தேன்?"

"நாங்க நடந்தோம். நீ எட்டு மாசக் கொழந்த. கூட வந்த."

"அப்ப அது என்னோட பயணம் இல்ல" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

அவள் சொன்னது சரிதான். ஆனால் அன்று முழுக்க எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லை. மந்தைவெளியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் நிற்பேன். என் வீட்டுக்காரர் தரமணிக்குப் போகிற ஒரு ஆபீஸ் பஸ்ஸின் டிரைவர். அவருடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அடையாறு ஆற்றங்கரைக் குடிசையில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெசன்ட் நகரில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை. வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே மாதா படமும் இருக்கும். வருடா வருடம் ஆகஸ்ட் மாதக் கடைசியில் காவி கட்டிக்கொண்டு, ஒரு குழுவோடு வேளாங்கண்ணிக்கு நடந்து போவார்.

மகள் பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டதும் சொன்னார்: "போன வருசம் மாதாகிட்ட நேர்ந்துகினு வந்தேன். பொறந்தா, பாப்பாவ நடந்தே தூக்கியாறேன்னு."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா அண்ணி?"

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப? பொறக்கும்னு நீயே நம்பல" என்றார்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கிற என் அம்மாவோ, "கைக்கொழந்தைய வெயில்ல போட்டு வாட்டவா ஆறு வருசம் காத்துக்கினு இருந்தே?" என்று தினமும் போனில் கேட்டார். கடைசியில் என் வீட்டுக்காரர்தான் நடுவில் நின்றார். "அக்கா எதுவுமே கேக்காது, இது ஒண்ணுதான் கேக்குது. நானும் வர்றேன். முடியலன்னா பஸ் ஏறிடலாம்" என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் நான் சரி என்றேன்.

ஆடித் தள்ளுபடி முடிந்து தீபாவளிக் கூட்டம் தொடங்காத நேரம். பிரசவ லீவு முடிந்து அப்போதுதான் மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மாடியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சியிடம் லீவு கேட்டபோது, "நடந்தேவா போறிய? கைப்புள்ளய வச்சுகிட்டா?" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு, "சரி, போயிட்டு வா. எங்களையும் வேண்டிக்கோ" என்றார்.

பெசன்ட் நகர் கடற்கரையில் இருக்கும் மாதா கோயில் வாசலிலிருந்து விடியற்காலையில் கிளம்பினோம். நாற்பது பேர் இருக்கும். சாமான் ஏற்ற, குட்டி யானை என்று சொல்கிற சின்ன லாரி ஒன்று, அதன் மேல் மாதா சிலை, ஒலிபெருக்கி. பெசன்ட் நகரில் அண்ணி சமைக்கிற வீட்டில் ஒரு பழைய குழந்தைத் தள்ளுவண்டி கொடுத்திருந்தார்கள். திருவான்மியூர் தாண்டுவதற்குள்ளேயே அதன் சின்னச் சக்கரங்கள் ரோட்டோர மணலில் சிக்கிச் சிக்கி நின்றன. வண்டியைக் குட்டி யானையில் ஏற்றிவிட்டுக் குழந்தையைச் சேலையில் முதுகோடு கட்டிக்கொண்டோம். வெயில் ஏறினால் குட்டி யானைக்குள்ளே கம்பியில் தூளி கட்டி அதில் போடுவோம். ஒலிபெருக்கிக்கு நேர் கீழேதான் தூளி. பாட்டு எவ்வளவு சத்தமாக ஓடினாலும் அவள் தூங்கினாள். பாட்டை நிறுத்தினால் விழித்துக்கொள்வாள்.

முதல் இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை. குதிகாலில் கொப்புளம். அண்ணி வந்து குழந்தையைக் கேட்டால் கொடுப்பேன், அவ்வளவுதான். மூன்றாம் நாள், மாமல்லபுரம் தாண்டிப் போனபோது, என்னவோ மாறியது. எட்டு வருடமாக ஒரே மாடியில், ஒரே மேஜைக்குப் பின்னால் நின்றவள் நான். என் கால் இத்தனை தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் சவுக்குத் தோப்பு. பால் கொடுக்க நான் உட்கார்ந்தால் குழுவிலிருந்த பெண்கள் சுற்றி நின்று துண்டை விரித்துப் பிடித்தார்கள். குட்டி யானையின் பின்னால் கட்டிய கயிற்றில் குழந்தையின் துணிகள் காய்ந்துகொண்டே வந்தன. வழியில் யார் யாரோ ஓடி வந்து பழம் கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள், குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

ஏழாம் நாள் கடலூர் தாண்டியதும் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பால் குடிக்க மறுத்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. வழியிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு இளம் டாக்டர் பார்த்தார். மருந்து கொடுத்துவிட்டு, "மூணு நாள் வெயில்ல எங்கயும் தூக்கிட்டுப் போகாதீங்க" என்றார். குழு காத்திருக்க முடியாது. சாலையோரத்தில் இட்லிக்கடை வைத்திருந்த ஒரு அம்மா, தன் வீட்டின் முன்னறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். எங்கள் பையையும் தள்ளுவண்டியையும் இறக்கி வைத்துவிட்டுக் குட்டி யானை பாட்டோடு போய்விட்டது.

அந்த மூன்று நாளும் அண்ணி சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் குழந்தை ஒரு முழு இட்லியைப் பிசைந்து தின்றாள். அப்போது அண்ணி சொன்னார்: "போதும். மூணு பேரும் பஸ் ஏறி வீட்டுக்குப் போங்க. நேர்ந்தது நானு. நான் மட்டும் நடந்து முடிக்கிறேன். மாதா ஒண்ணும் கோச்சுக்கமாட்டா."

வரும்போது இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தவள் நான். "நான் போகல அண்ணி" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "இன்னா, வெளயாடுறியா?"

"காலைல மட்டும் நடக்கலாம். வெயில் ஏறுறதுக்குள்ள எங்கயாவது ஒதுங்கிடலாம். மறுபடி சூடு அடிச்சா அங்கேயே பஸ் ஏறிடுறேன். திருவிழாவுக்குப் போய்ச் சேரணும்னு இல்லியே."

அவருடைய பன்னிரண்டு நாள் லீவில் பத்து நாள் முடிந்திருந்தது. எங்களை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு முறை பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தார். "போடா, வேலையப் பாரு. அடுத்த வார ஞாயித்துக்கெழம கணக்கா வந்து சேரு, நாங்க அங்க இருப்போம்" என்று அக்காதான் தம்பியைத் தள்ளிவிட்டார். நான் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். "புள்ளைக்கு மேலுக்குச் சரியில்லன்னா நீ பதறாம வா. கட எங்கயும் ஓடிறாது" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பெண்கள் மட்டும். பாட்டு இல்லை, கூட்டம் இல்லை. தார் ரோடு நன்றாக இருந்த இடத்தில் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளினோம், மற்ற இடத்தில் இடுப்பில். விடியும்போது கிளம்பி ஒன்பது மணிக்குள் நிறுத்திவிடுவோம். பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பிறகு ஏதாவது கோயில் மண்டபமோ சத்திரமோ. இரண்டு இடத்தில் கிறிஸ்தவக் குடும்பத்தார் வீட்டுக்குள் கூப்பிட்டுப் படுக்க இடம் கொடுத்தார்கள்.

கொள்ளிடம் பாலத்தை நடந்து கடந்த காலையில்தான் அண்ணி அதைச் சொன்னார். ஆற்றில் நிறையத் தண்ணீர். குழந்தை தண்ணீரைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூச்சல் போட்டாள். அண்ணி அவளைக் கைப்பிடிச் சுவரின் பக்கம் காட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். உனுக்குக் கொழந்த இல்லியேன்னு பாவப்பட்டு நான் நேர்ந்துக்கல. எனுக்கோசரம்தான் நேர்ந்துகினேன். தூக்கி நடக்க எனுக்கு ஒண்ணு வேணும்னு இருந்துது. வருசா வருசம் வெறுங்கையோட நடந்தேன். கூட வர்றதுங்க புள்ளைங்கள இடுப்புல வச்சிகினு வரும். பாத்துகினே நடப்பேன்."

பாலம் முடிந்ததும், "அண்ணி, அவ உங்ககிட்டயே இருக்கட்டும். நான் முன்னாடி போய் டீ சொல்றேன்" என்று வேகமாக நடந்தேன். ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். தூரத்தில், காவிச் சேலையில், குழந்தையிடம் ஏதோ நீளமாகப் பேசிக்கொண்டே வந்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு மணி நேரம் நான் முன்னால் போய்விடுவேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

சீர்காழி தாண்டிய அன்று எங்கள் குட்டி யானை எதிரே வந்தது. திருவிழா முடிந்து குழு ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. பிரேக் போட்டு நிறுத்தினார்கள். மீன் வியாபாரம் செய்யும் குழுத் தலைவர் எட்டிப் பார்த்து, "இன்னும் இங்கியே கீறீங்களா? அங்க கொடியே எறக்கியாச்சு. ஏறுங்க, ஊருக்குப் போலாம்" என்றார்.

"நீ போ நைனா. எங்களுக்கு அவசரம் இல்ல" என்றார் அண்ணி.

எல்லோரும் இறங்கி வந்து குழந்தையை ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கினார்கள். ஒரு பை பொரியும், மந்திரித்த எண்ணெய்ப் புட்டி ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனார்கள். வண்டி மறையும் வரை குழந்தை அந்தப் பாட்டு போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேளாங்கண்ணிக்குள் நுழைந்தோம். ஊர் காலியாக இருந்தது. பந்தல் மூங்கில்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மெழுகுவத்திக் கடைக்காரர் ஒருவர் கடைக்குள்ளேயே உட்கார்ந்து தூங்கினார். அண்ணி நின்று நின்று பார்த்தார். "இத்தினி வருசத்துல நான் மாதாவ பக்கத்துல பாத்ததே இல்ல. கூட்டம் தள்ளிகினு போயிடும்" என்றார். அன்று தள்ள யாரும் இல்லை. பீடத்துக்கு எதிரே தரையில் துண்டை விரித்து, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை அதில் கிடத்தினார். பக்கத்தில் முட்டி போட்டார். எழுப்பவில்லை. அரை மணி நேரம் அப்படியே இருந்தோம். குழந்தை எதையும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தபோதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

அண்ணி இப்போது ஆற்றங்கரையில் இல்லை. அந்தக் குடிசைகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். ஏழாவது மாடி. பழைய வீடுகளின் வேலையை விட வேண்டியதாயிற்று. முட்டிவலியால் நான்கு வருடமாக நடைப்பயணமும் இல்லை. மாதம் ஒரு முறை பஸ் மாறி மந்தைவெளிக்கு வருகிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையும் இப்போது அகலமாகிவிட்டது. நாங்கள் ஒதுங்கிய இடங்களில் எது எங்கே இருந்தது என்று பஸ்ஸில் போகும்போது என்னால் சொல்ல முடிவதில்லை.

அந்த வருடம் வேளாங்கண்ணியிலிருந்து திரும்பி வந்த பிறகு வீட்டில் ஒரு தொந்தரவு வந்தது. மகள் அசையாத இடத்தில் தூங்க மறுத்தாள். தூளியும் பலிக்கவில்லை. பாட்டுப் போட்டும் பார்த்தோம். கடைசியில், மத்தியானம் டூட்டி முடிந்து வரும் என் வீட்டுக்காரர், அந்தப் பழைய தள்ளுவண்டியில் அவளை வைத்துத் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளிக்கொண்டு போவார். எதிரில் இஸ்திரி போடுகிறவர் தினமும் கேட்பார்: "இன்னாப்பா, இன்னும் எத்தினி கிலோமீட்டர் கீது?"

இரண்டு வாரம் இப்படிப் போனது. எனக்கு வார லீவான ஒரு நாள் மத்தியானம் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, பாயில் விளையாடிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள். வாசலில் தள்ளுவண்டியோடு தயாராக நின்றவரிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் வாடியதுபோல் இருந்தது. "தேங்கா இல்லன்னு சொன்னியே" என்று சொல்லிவிட்டுக் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டே கடைக்குப் போனார்.