ஜூன் ஒன்றாம் தேதிப் பெண்

ஆந்திர எல்லைக்குள் இருக்கும் எங்கள் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களில் பாதிப் பேர் ஜூன் மாதம் முதல் தேதியில் பிறந்தவர்கள். அவர்களை அந்தத் தேதியில் பெற்றது தாய்மார்கள் அல்ல, பள்ளிக்கூடங்கள். ஐந்து வயது நிறையாத பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்க வேண்டுமானால் பதிவேட்டில் ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவது, விஜயபுரத்திலிருந்து வரதய்யபாளையம் வரைக்கும் யாரும் எழுதி வைக்காத விதி. கல்வித் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, சித்தூர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற எனக்கு எழுதி வைத்த விதிகள் எல்லாம் மனப்பாடம். எழுதி வைக்காத விதியையும் ஒரு முறை கடைப்பிடித்தேன், என் தம்பி மகளுக்காக.

அவள் பிறந்தது டிசம்பரில். நாலரை வயதில் தம்பி அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, “ஒரு வருசம் வீணாப் பூடும்க்கா” என்றான். விண்ணப்பத்தில் ஜூன் ஒன்று என்று நானே நிரப்பினேன். ஆதாரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் பிற்பாடு அதையே பின்பற்றின. அரசாங்கக் காகிதங்களுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. முன்னால் போகும் காகிதம் சொல்வதைத்தான் அவை சொல்லும்.

பத்தாவது முடித்து, இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்க அவள் திருப்பதிக்கு என் வீட்டுக்கு வந்தாள். வரும்போதே ஒரு குறையோடு வந்தாள். பரீட்சைக்குச் சில வாரங்கள் முன்பு, பதினான்கு வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப் பள்ளிக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். தம்பி சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. “பரீச்ச நேரத்துல ஜொரம் வந்தா எவன் பதில் சொல்றது?” என்று காரணம் சொன்னான். கேட்பதற்கு நியாயமாக இருந்ததால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்தப் புற்றுநோய் அவளுக்குப் பாடப் புத்தகத்தில் வந்த சமாச்சாரம் இல்லை. அவளுடைய பெரியம்மா இரண்டு வருடத்துக்கு முன்பு இங்கே ஆஸ்பத்திரியில் அதற்குத்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டாள். இப்போது நன்றாக இருக்கிறாள், நிலக்கடலை பிடுங்கப் போகிறாள். அந்தக் கோடை விடுமுறை முழுக்க வார்டுக்குக் கஞ்சித் தூக்கு சுமந்தவள் இவள். எச்.பி.வி. என்ற கிருமியைப் பற்றி டாக்டரம்மா சொன்னதை, நின்று கேட்டு மனதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமைகளில் அவளுடைய வகுப்புத் தோழிகள் என் வீட்டுக் கூடத்தில் படிக்க வருவார்கள். அவர்கள் படித்ததை நான் அதிகம் கேட்டதில்லை.

“அந்த ஊசி போட்டுக்கினா புள்ள பொறக்காதாம்டி.”

“யார் சொன்னா?”

“எங்க சித்தி. வாட்சப்புல வந்துச்சாம்.”

“வாட்சப்புல வந்துச்சுன்னு மூஞ்சில பூண்டு அரைச்சிப் பூசிக்கினு, வெந்து போயி நின்னாங்களே, அந்தச் சித்தியா?”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு மூன்றாவது பெண், “கல்யாணம் ஆனப்புறம் போட்டுக்கலாமில்ல? இப்ப போட்டா நம்மளப் பத்தி இன்னா நெனப்பாங்க?” என்றாள்.

“கல்யாணத்துக்கு முன்னாடி, சின்ன வயசுல போட்டாத்தான் நல்லா வேல செய்யுமாம். ஒனக்கு வேணும்னா சீர்வரிசைத் தட்டுல வெச்சிக் குடுக்கச் சொல்றேன்” என்றாள் என் தம்பி மகள்.

அடுத்த வாரம், ஆகஸ்டில், எங்கள் தெருமுனைச் சுகாதார நிலையத்துக்கு அவளே விசாரிக்கப் போனாள். திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“அத்த, எனக்கு இன்னா வயசு?”

“பதினாலு.”

“ஆதார்ல?”

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“சிஸ்டரு ஆதார் நம்பரைத் தட்டிப் பாத்துட்டு, ‘வயசு அயிபோயிந்தம்மா’, தாண்டிப்போச்சுன்னுட்டாங்க. பதினஞ்சு முடிஞ்சவங்களுக்குப் போட மாட்டாங்களாம். நான் பதினஞ்சா, அத்த?”

தனியார் ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளலாம், செலவு என்னுடையது என்றேன்.

“வேணாம். நான் பதினாலு வயசுப் பொண்ணு. பதினாலு வயசுக்குக் குடுக்கறத நான் வாங்கிக்கினா யாருக்கு இன்னா?”

டிசம்பர் வந்தால் அந்தப் பேச்சுக்கும் இடமிருக்காது. நான் வழிகளை யோசித்தேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தேதியைத் திருத்துவது, அவளுக்குக் கல்யாணமாகிப் பேரன் பிறப்பதற்குள் முடியலாம். ஆதாரை மட்டும் திருத்தினால் சான்றிதழோடு ஒத்துப்போகாமல், ஒவ்வொரு அட்மிஷனிலும் அவள் ஜன்னல் ஜன்னலாக நிற்க வேண்டும். மிஞ்சியது பிறப்புச் சான்றிதழ். தலைப்பிரசவத்துக்குத் தம்பி மனைவி தாய்வீடு போயிருந்ததால், குழந்தை எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிப்பட்டில் பிறந்தது. தமிழ்நாட்டு முத்திரையோடு, டிசம்பர் என்று எழுதிய சான்றிதழ் இருக்கிறது. அது எங்கே என்று தேட வேண்டியதில்லை. ஒரே வீட்டில் இரண்டு தேதிகள் இருந்தால் என்றைக்காவது ஒன்று வாய் திறக்கும் என்று, தம்பியிடமிருந்து வாங்கி என் பீரோவில் நான்தான் பூட்டி வைத்திருந்தேன்.

இனி சம்மதக் கையெழுத்து வேண்டும். அவளே தம்பிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது.

“கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு அந்த ஊசி இன்னாத்துக்கு? ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க.”

“பெரியம்மாவுக்குக் கஞ்சி தூக்கிக்கினு போனது நானு, நைனா. ஊரு நாலு பேரும் வரல. நீயும் வரல.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பம்புசெட்டை அவன் நிறுத்தினான்.

“எத்தினி மணிக்குத் தெறப்பாங்க?” என்றான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டான். மூன்று பேரும் போனோம். சிஸ்டர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒண்ணுல ஜூன், ஒண்ணுல டிசம்பர். நான் எத நம்பறது மேடம்?” என்று எங்களை மருத்துவ அலுவலரிடம் அனுப்பினார்.

மருத்துவ அலுவலர் சின்னப் பெண். நகரிப் பக்கம் என்பது பேச்சிலேயே தெரிந்தது. இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இதுல எது பொய்?” என்று கேட்டார்.

அதற்குத் துறையில் ஒரு பதில் உண்டு: எழுத்தர் பிழை. எத்தனையோ கோப்புகளை அந்த இரண்டு வார்த்தைகளால் மூடியிருக்கிறேன். யாருக்கும் நோகாது, எந்த எழுத்தர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தம்பியும் நான் அதைத்தான் சொல்லப் போகிறேன் என்று தைரியமாகத் தலையாட்டத் தயாராக இருந்தான். ஆனால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிறப்புச் சான்றிதழ் நிஜம். ஜூன் பொய். எழுதினது நான். அப்ப கல்வி ஆபீஸ்ல வேலை பார்த்தேன்” என்றேன். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு மெமோகூட வாங்காதவள் வாய்மொழியாகக் கொடுத்த முதல் விளக்கம் அது.

டாக்டர் சிரித்துவிட்டார். “எங்கம்மா என்னப் பெத்தது தை மாசம், மேடம். என் சர்டிபிகேட்லயும் ஜூன் ஒண்ணுதான். உங்க ஆபீசான்னு தெரியல.”

பிறகு சிரிப்பை நிறுத்தி, பிறப்புச் சான்றிதழ் சரிபார்க்கப்பட்டது என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே தம்பியும் போட்டான், பத்திரப் பதிவுக்குப் போடுவது போல முழுப் பெயரையும்.

ஊசி ஏறும்போது அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“நைனா, ஊசி எனக்கு” என்றாள் அவள்.

அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். அவளுக்கு ஜுரமும் வரவில்லை, மயக்கமும் வரவில்லை. பசிதான் வந்தது. “அத்த, எங்க கிளாஸ்ல இன்னும் ரெண்டு ஜூன் ஒண்ணு இருக்குதுங்க. நாயித்துக்கெழம வூட்டுக்குக் கூட்டிக்கினு வரட்டா?” என்றாள். பிறப்புச் சான்றிதழோடு வரச் சொல் என்றேன். என் ஓய்வுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

சிஸ்டர் கொடுத்த தடுப்பூசி அட்டையை அவள் தம்பியிடம் நீட்டினாள். பிறந்த தேதி என்ற இடத்தில் டிசம்பர் என்று எழுதியிருந்தது. இந்தப் பக்கத்து அரசாங்கம் அவள் பிறந்த நாளைச் சரியாகச் சொன்ன முதல் காகிதம் அது. இனி எந்தச் சான்றிதழிலும் அது வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

தம்பி அதை ஓரம் மடங்காமல் சட்டைப் பைக்குள் வைத்தான். “லேமினேசன் போட்டுடாதே, அரசாங்க அட்டையை லேமினேட் பண்ணக் கூடாது” என்று விதியைச் சொன்னேன்.

“நீ சும்மா இருக்கா. தேதி விசயத்துல நீ வாயத் தொறக்காத” என்றான்.

இரண்டு மணி பஸ்ஸுக்கு நேரமிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில் அதை லேமினேட் செய்து, அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினான்.