புகைப்புரையின் கதவு

குலசேகரத்தில் எங்களுக்கு ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரை ஒன்று இருந்தது. ஷீட்டைத் திருப்பிப்போட உள்ளே போன அப்பா அங்கேயே வெந்து செத்தார். தொங்கிய ஷீட் ஒன்று அடுப்பில் விழுந்திருக்கிறது. இடுக்கில் கரும்புகை வருவதைப் பார்த்த அம்மா ஓடிப்போய், சூட்டில் இறுகிக் கிடந்த கதவை இழுத்து அகலத் திறந்தாள். தீ குபீரென்று பிடித்தது.

அப்பாவின் அடியந்திரத்தன்று, கருமாதிப் பந்தியில் இருந்துகொண்டே பெரியப்பா சொன்னார்: “புகைப்புரையில தீ பிடிச்சா கதவத் தொறக்கக்கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவ தொறந்து அவனக் கொன்னுட்டா.” இலையோடு அவரைத் தூக்கி வெளியே எறியலாமா என்றிருந்தது எனக்கு. அன்றோடு அம்மா சோறு தொடவில்லை. கஞ்சித் தண்ணீர்தான்.

நான் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில், எஞ்சினுக்குள் கொந்தளித்து எரியும் தீயைக் கணினியில் எரியவிட்டு ஆராய்கிறவன்.

“நீ தீயப் படிச்சவன்தானே மக்கா? நான் தொறக்காம இருந்தா அவரு பிழைச்சிருப்பாரா? கணக்குப் போட்டுச் சொல்லு” என்றாள் அம்மா. போட்டுப் பெரியப்பா மூஞ்சியில் எறிகிறேன் என்று கிளம்பினேன்.

புகைப்புரையைச் சிறுசிறு கட்டங்களாக அறுத்து, கல்லூரியில் பல கணினிகளை ஒன்றாகப் பிணைத்து வைத்திருக்கும் கிளஸ்டரில் கணினிக்கொன்றாகப் பங்கு வைத்தேன். ஒவ்வொன்றும் தன் பங்குத் தீயைக் கணக்கிட்டு, எல்லையில் உள்ள சூட்டையும் காற்றையும் பக்கத்துக் கணினிக்குச் சொல்ல வேண்டும். ஒன்று சுணங்கினால் அத்தனையும் காத்துக் கிடக்கும். வீட்டில் அம்மா துரும்பாகிக்கொண்டிருக்கிறாள், அந்தச் சனியன் பிடித்த கிளஸ்டரோ மற்றவர்கள் வேலை முடியட்டும் என்று என்னை வரிசையில் நிறுத்தியது.

கதவை மூடிவைத்து ஓட்டினேன். தீ காற்றில்லாமல் அடங்கியது. திறந்துவைத்து ஓட்டினேன். வெளிக்காற்று தரையோடு புகுந்து, சுழன்று, புகையோடு கலந்த இடமெல்லாம் பற்றி, கண்மூடித் திறப்பதற்குள் அறை முழுக்கத் தீ. அளவுகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். பாழாய்ப்போன தீ ஒவ்வொரு முறையும் பெரியப்பா பக்கமே நின்றது.

ஆனால் மூடிய அறையிலும் அந்தப் புகையில் மனிதன் அதிக நேரம் தாங்க மாட்டான். அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

“அம்மா, நீ தொறக்கதுக்கு முன்னாடியே புகையில அப்பாவுக்க உயிரு போயாச்சு. கணக்கு அப்பிடித்தான் சொல்லுது. ஒனக்கு ஒரு பாவமும் இல்ல. சோறு தின்னு.”



“நான் தொறக்கும்போ அவரு கதவுக்க பக்கத்துலதான் நின்னாரு மக்கா” என்றாள் அம்மா. “என்னப் பாத்து, ‘வந்தியாட்டி’ன்னு கேட்டாரு.”