என் அறையில் வாடிய கீரை

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்த பிள்ளைகள் ஏழு. நான் பெற்றது நான்கு, நாத்தனார் கண்ணை மூடியபோது என் இடுப்புக்கு வந்தது மூன்று. ஏழும் ஆளாகி நிற்கின்றன. இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கீரையைக் கொன்றவள் என்று இந்த வீட்டில் எனக்குப் பேர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பேரை வைத்துத்தான் என்னை என் அறையை விட்டுக் கிளப்பப் பார்க்கிறார்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கு அவசரம் இல்லை.

வீடு திருச்செங்கோட்டில். மூத்த மகனுக்கு ஆழ்துளைப் போர் போடுகிற ரிக் வண்டித் தொழில். கீழே வடக்குப் பார்த்த அறை என்னுடையது. என் முட்டிக்குப் படி ஆகாது என்று வீடு கட்டும்போதே எனக்கென ஒதுக்கியது. போன வருஷம் அந்த அறைக்குள்தான் மருமகள் கீரையைக் கொண்டுவந்தாள்.

மண் கிடையாது. ஆள் உயரத்துக்கு அடுக்கடுக்காக வெள்ளைக் குழாய்கள். குழாயில் ஓட்டைகள், ஓட்டைக்குள் டம்ளரைவிடச் சின்ன பிளாஸ்டிக் கூடை, அதற்குள் ஒரு துண்டு ஸ்பாஞ்சு, ஸ்பாஞ்சில் விதை. அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. சத்து என்று இரண்டு பாட்டிலில் இருந்து அதில் ஊற்றுவாள். மோட்டார் அந்தத் தண்ணீரை மேலே ஏற்றும், அது குழாய் குழாயாக இறங்கித் தொட்டிக்கே வரும்.

"ஏனுங்கத்தை, இந்த ரூமுலதான் வெயில் படறதில்லீங்க. அதுதான் இதுக்குத் தோது" என்றாள்.

"வெயில் படாத எடத்துல பயிர் வெக்கறவளை இப்பத்தான் பாக்கறேன்."

"அதுக்குத்தான் லைட்டுங்க."

அந்த லைட்டு ஊதா நிறம். அதைப் போட்டால் என் கையும் காலும் செத்தவள் கைகால் மாதிரித் தெரியும். குறுக்கே என் பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு படுத்தேன். மோட்டார் சத்தம் வேறு, பக்கத்தில் யாரோ ஓயாமல் கஞ்சி உறிஞ்சுகிற மாதிரி.

ஏசி வந்த கதையையும் எழுதிவிடுகிறேன். சித்திரையில் முதுகெல்லாம் வேர்க்குருவோடு விசிறிக்கொண்டு கிடந்தவள் நான். ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டேன். வயசான உடம்புக்கு ஏசி ஆகாது என்றான் மகன். லெட்டூஸ் என்று ஒரு கீரை, அதற்குச் சூடு ஆகாது என்று அவள் சொன்னாள். அந்த வாரமே ஆள் வந்து சுவரில் ஏசி மாட்டினான்.

"பாருங்கத்தை, உங்களுக்கும் ஆச்சு" என்றாள்.

"ஆச்சு சாமி. உன்ற கீரை புண்ணியத்துல நானும் குளுகுளுன்னு கெடக்கறேன்" என்று சிரித்தேன். நான் சிரிப்பது அவளுக்குப் பிடிக்காது. தெரிந்துதான் சிரித்தேன்.

கீரை நன்றாக வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். பாலக்கு உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. தெருப் பெண்கள் பார்க்க வந்து என் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மருமகள் காலேஜில் பாடம் நடத்தியவள், பிள்ளைக்காக வேலையை விட்டவள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு தன் கையால் ஒன்று செய்து ஊருக்குக் காட்டினாள். ஆனால் கடைந்து வைத்தால் எனக்கு வாயில் பச்சைத் தண்ணீர்தான். தட்டில் அதை ஒதுக்கி வைத்துவிட்டு ரசம் கேட்பேன். அவள் ஊற்றும்போது கரண்டி டம்ளரில் இடிக்கும். எங்கள் சண்டை இந்த அளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ராசிபுரம் போனாள். போகும்போது புருஷனிடம் சொன்னாள்: "ஏனுங்க, தொட்டியில தண்ணி கொறஞ்சா கேன் தண்ணி ஊத்துங்க. போர் தண்ணி மட்டும் வேண்டாமுங்க. ஒரே உப்பு."

அவன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

இங்கே ரிக் வண்டிக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. போரில் தண்ணீர் பீறிட்டதும் முதல் சொம்பை வீட்டுக்காரர் வாயில் ஊற்றச் சொல்வார்கள். அன்றைக்கு அந்தத் தண்ணீரை யாரும் குறை சொல்லக் கூடாது. எங்கள் வீட்டுப் போரை இவனே போட்டான். முதல் வாய் எனக்குத்தான் கொடுத்தான். நாக்கு சுருண்டது. நல்லாருக்குது சாமி என்றேன். மற்ற வீடுகளில் நல்ல தண்ணீர் என்கிற அந்தப் பேச்சு அன்றோடு போய்விடும். எங்கள் வீட்டில் அது அப்படியே நின்றுவிட்டது. குடிக்க, சமைக்க எல்லாம் கேன் தண்ணீர். பருப்பு வேகாது, பக்கெட்டில் உப்புப் பூக்கும். ஆனாலும் வந்தவர்களிடம் எங்கள் போர் தண்ணீர் நல்ல தண்ணீர் என்போம். வாய்விட்டு உப்பு என்று சொன்னவள் இவள் ஒருத்திதான்.

இரண்டு நாள் கழித்துத் தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. நான் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தேன். மகன் வெளிக்குழாயிலிருந்து டியூப்பை இழுத்துக்கொண்டு வந்தான்.

"கேன் தண்ணியல்ல ஊத்தச் சொன்னா?" என்றேன்.

"அத்தன கேனை எவன் தூக்கறது? ஊரே தண்ணிக்கு எங்கிட்ட வந்து நிக்குது. எம்பட ஊட்டுத் தண்ணி இந்தத் தழைக்கு ஆகாதா?"

தொட்டி நிறைய விட்டான். அதற்குமேல் நான் சொல்லவில்லை. அந்தக் கீரை இருந்தாலும் போனாலும் எனக்கு ஒன்றுதான்.

அவள் திரும்பி வருவதற்குள் இலை ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டுவிட்டது. கூடை விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. உப்பு அளக்கிற, பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தொட்டியில் விட்டுப் பார்த்தாள். நேராக என் பக்கம் திரும்பினாள்.

"புடிக்கலைன்னா என்னைய நாலு வார்த்த வஞ்சிருக்கலாமுங்கத்தை. வாயில்லாத செடியப் போயி..."

"நான் வையறதுன்னா உன்ற மூஞ்சியப் பாத்து வைவேன். தொட்டிக்குள்ள கையை உட மாட்டேன்."

"அப்ப ஊத்துனது யாருங்க?"

வாசலில் மகன் நின்றிருந்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் செல்போனைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "உடு புள்ள. அம்மா தெரியாம ஊத்தியிருக்கும். வயசாச்சு."

அவள் என் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகை நிஜம்.

மறுநாள் அறைக்குப் பூட்டுப் போட வேண்டும் என்றாள். அவனும் சரி என்றான். வெளியே ரிக் சாமான் போடுகிற ஷெட்டை ஒட்டி ஓர் அறை இருக்கிறது. பாறையைத் துளைக்கிற பிட்டும் ஹேமரும் கிரீஸ் டப்பாவும் கிடக்கிற இடம். அதைக் காலி செய்து வெள்ளையடித்தால் அம்மாவுக்கு ஆகும் என்றான். அந்த இரும்பை எடுத்துப் போடுகிற சத்தம்தான் இப்போது எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் சொன்னால் மாமியார் மழுப்புகிறாள் என்று போய்விடும். அவன் வாயால் வரட்டும் என்று இருந்தேன். வரவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஊத்துனது நீ. எம்மேல எதுக்குச் சாமி போட்ட?"

"சும்மா இரும்மா. சொன்னா அவ பேசியே என்னைய அரைச்சுருவா. ரிக்குக்காரன் ஊட்டுத் தண்ணியில கீரை செத்துப் போச்சுன்னு ஊரே சிரிக்கும். உனக்கு ஒரு ரூமுதான? ஏசி கூட மாட்டித் தாரேன்."

அவன் தண்ணீருக்கு நல்ல பேர் வேண்டுமாம். எனக்கு வேண்டாமாம். ஏழு பிள்ளைகளை வளர்த்தவள் தெரியாமல் ஊற்றிவிட்டாள், வயசாகிவிட்டது, அவ்வளவுதான்.

மருமகளோடு எனக்குச் சண்டை உண்டு. இனியும் உண்டு. அவள் ஊதா லைட்டை நான் பொறுத்துக்கொள்ளப் போவதில்லை, நான் ரசம் கேட்பது அவளுக்குப் பிடிக்கப் போவதும் இல்லை. ஆனால் அவள் எதையும் முகத்துக்கு நேரே கேட்பாள். இன்று காலையில்கூட என்னோடு ஒரு வார்த்தை பேசாமல், என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கூடையாகக் கழுவிப் புது ஸ்பாஞ்சு வைத்தாள். உப்பு போகத் தேய்த்துத் தேய்த்து அவள் விரலெல்லாம் சிவந்திருந்தது. அந்த உப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகும் இந்த அறையில் என் கட்டில் இருக்கும். அவள் கீரையும் இருந்து தொலையட்டும்.

போதும், கை வலிக்கிறது. இந்தா சாமி, என் பேத்தி, இதைப் படித்துக் காட்டு. பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்தாதே. இங்கே என் காதுக்குள் வேண்டாம், கூடத்துக்குப் போ. உங்கப்பன் சாப்பிட உட்கார்ந்துவிட்டான், உங்கம்மா பரிமாறுகிறாள். நடுவில் நின்றுகொள். 'எனக்கு எழுபத்தாறு வயது' என்று இருக்கிறது பார், அங்கிருந்து சத்தமாகப் படி.