வயிற்றில் போட்ட வட்டம்

கம்பெனி பஸ் வல்லம் வடகாலைத் தாண்டும்போது இன்றைக்கும் நான் இடப்பக்கம் பார்ப்பேன். அங்கே ஒரு நீலக் கேட் தெரியும். அந்த வீட்டு மாடி அறையில் நானும் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தியும் மூன்று வருஷம் ஒன்றாகக் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அக்கா. மாடிப்படிக்கு அடியில் ஒரு வெள்ளை நாய். அதை நாங்கள் வளர்த்தோம் என்று சொல்ல முடியாது. ஷிஃப்ட் முடிந்து இறங்கினால் அதுதான் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து எங்களை வீடுவரை கூட்டிப்போகும். ஷிஃப்ட் மாறுகிற வாரம் அதற்கு எப்படித் தெரியும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்பதாலோ என்னவோ, எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறது என்ற நினைப்பு விடவே விடாது. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க பஸ் வருகிற நேரத்தில் திரும்பி ஓடியிருக்கிறேன். கம்பெனியில் மட்டும் இந்தக் குணத்துக்கு நல்ல பேர். இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். லைனில் வரும் இரும்புப் பாகத்தில் சந்தேகமாக ஒரு கீறல் கண்டால் அதைச் சுற்றி மார்க்கரால் வட்டம் போட வேண்டும். அடுத்தவர் பார்த்து, பரவாயில்லை என்றால் தின்னரில் நனைத்த பனியன் துணியால் வட்டத்தைத் துடைத்து அனுப்புவார்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நாயின் அடிவயிற்றில், முடி இல்லாத இடத்தில், ஒரு உண்ணியைப் பார்த்தோம். ரத்தம் குடித்துக் கொண்டைக்கடலை போல உப்பியிருந்தது. தோழி தன் புருவ முடி பிடுங்குகிற இடுக்கியால் அதைத் தோலோடு ஒட்டிப் பிடித்து, அவசரப்படாமல் நேராக இழுத்தாள். தோலில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் மிஞ்சியது.

“தலை உள்ளயே நின்னுடுச்சோ?” என்றேன்.

“ஏட்டி, தலயும் காலுமா முழுசா இங்கன கெடக்கு, எண்ணிப் பாரு. நாய உண்ணி கடிச்சா ஒனக்குல்லா காய்ச்சல் வருது!”

எண்ணினேன். எட்டுக் கால் இருந்தது. பயம் போகவில்லை.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் சட்டைப் பையிலிருந்த மார்க்கரை எடுத்து அந்தப் புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டேன். சிவப்பு பெரிதானால் தெரிந்துவிடும் அல்லவா? திரும்பி வந்தபோது நாய் நக்கி நக்கிப் பாதி வட்டம் கலைந்திருந்தது. அக்கா கேட்டுக்குப் பெயின்ட் அடித்து மிச்சம் வைத்த தின்னர் பாட்டில் படிக்கடியில் இருந்தது. மிச்ச வட்டத்தை அதைக்கொண்டு துடைத்துவிட்டு, புதிதாக ஒன்று போட்டேன். புதன்கிழமை சிவப்பு வட்டத்தைத் தாண்டியிருந்தது. துடைத்துவிட்டுப் பெரிய வட்டம். வியாழக்கிழமை அதையும் தாண்டியது. இன்னும் பெரிய வட்டம். நாய் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நின்றது.

அன்றைக்குத்தான் அக்கா பார்த்தார்.

“இன்னாம்மா இது, வவுறெல்லாம் செவந்து கீது? சொறியா? கொயந்த இருக்கற வூடும்மா இது. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாவலனா ஆள வுட்டு எங்கனா தூரமா வுட்டுட்டு வரச் சொல்லிடுவேன், சொல்ட்டேன்.”

வெள்ளிக்கிழமை நானும் தோழியும் அரை நாள் லீவு போட்டோம். காய்கறிக் கூடையில் நாயை உட்காரவைத்து, “மேல ஒண்ணுக்கு அடிச்சா நீங்கதான் கழுவணும்” என்ற ஆட்டோக்காரரிடம் சத்தியம் செய்து, மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே மாடுகளுக்கு நடுவில் நாய் எங்களைவிட அமைதியாக இருந்தது.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். “உண்ணி கடிச்ச இடம் எப்பவோ ஆறிடுச்சு. சுத்தித்தான் வெந்துபோயிருக்கு. என்ன போட்டீங்க?”

நான் நாயின் காதைத் தடவிக்கொடுத்தேன்.

“மறைக்காம சொல்லும்மா. சொன்னாத்தான் மருந்து குடுக்க முடியும்.”

சொன்னேன். வட்டம், தின்னர், பெரிய வட்டம், எல்லாவற்றையும்.

தோழி தலையில் அடித்துக்கொண்டாள். “அடிப்பாவி! நாயையா இன்ஸ்பெக்‌ஷன் பண்ணிக்கிட்டுக் கெடந்த?”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு களிம்பு எழுதினார். வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, லேசாகத் தடவ வேண்டும். நக்க விடக் கூடாது. இது சொறி இல்லை, யாருக்கும் ஒட்டாது என்றார்.

நக்காமல் இருக்க என் பழைய யூனிஃபார்ம் சட்டையை அதற்கு மாட்டினோம். முன்னங்கால்கள் கைக்குள், பட்டன்கள் முதுகில். தெருவில் போகிறவரெல்லாம் “இது எந்த ஷிஃப்ட்டு?” என்று கேட்டார்கள். “ஓ.டி. பாக்குது” என்றாள் தோழி.

அக்காவிடம் சொல்வதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. “சொறி இல்லக்கா. உங்க தின்னர எடுத்து நான்தான்...”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “கேட்டுக்கு வாங்கனத நாய்க்கா பூசன? நல்ல பொண்ணும்மா நீ. சரி, ஞாயித்துக்கெழம நானே பாக்கறேன். கொறைஞ்சிருந்தா இருக்கட்டும்.”

இரண்டு நாளும் மார்க்கரைத் தோழி தன் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். வட்டம் இல்லாமல் குறைகிறதா கூடுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. மணிக்கொரு தரம் பட்டனைக் கழற்றிப் பார்த்து அவளிடம் திட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா இட்லி மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தார். நான் சட்டையை விலக்கினேன். தோல் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. நாய் அவர் கையிலிருந்த மாவு வாசனையைப் பிடித்து நக்கியது.

“ஏய், ச்சீ!” என்றார் அக்கா. கையை இழுத்துக்கொள்ளவில்லை. “எறங்கிதான் கீது. இன்னும் ரெண்டு நாளு சட்டைய போட்டு வையி.”

தோழி கல்யாணமாகி ஊருக்குப் போய்விட்டாள். நான் சேரப்பணஞ்சேரியில் இருக்கிறேன். நாய் அக்காவோடு இருக்கிறது. இன்று காலை நீலக் கேட்டுக்கு முன்னால் மல்லாந்து படுத்திருந்தது. பஸ் போன வேகத்தில் வயிறு சரியாகத் தெரியவில்லை. திரும்பும்போது வலப்பக்க ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன்.