மாடு அசை போடும் வரை நின்றவர்

என் அண்ணனின் முதலாம் ஆண்டு திதிக்கு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் நான் எழுதுவது என் பிள்ளைகளுக்காக. ஆனாலும் நீங்கள் எல்லோரும் கூட இருந்து படிக்க வேண்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும். நான் எட்டாவது வரை படித்தவன். எண்ணெய் மில்லில் மூட்டைக்கு எண் போட்டுப் பழகிய கை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா பிறந்தது செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, அண்ணாமலையார் மலை தன் முதுகைக் காட்டும் பக்கத்தில் உள்ள நம் ஊரில். எங்கள் அப்பாவின் முகம் எனக்கு நினைவில்லை. நான் நடக்கப் பழகும் முன்பே அவர் போய்விட்டார். உங்கள் பெரியப்பா ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, வேங்கிக்கால் பக்கம் ஒரு மாட்டு வியாபாரியின் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார். இப்போது வீடுகள் எழும்புகிற அந்த இடம் அப்போது முழுக்க மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை விளைந்த மண். அவர் சம்பாதித்த பணத்தில்தான் நான் படித்தேன். எட்டாவதோடு நான் நின்றதற்குக் காரணம் என் மண்டை. அவர் கை ஒரு நாளும் சுருங்கவில்லை.

கொட்டகைத் தொழில் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஊர் ஊராகப் போய், உழுது களைத்து எலும்பு தெரியும் மாடுகளை முதலாளி வாங்கி வருவார். அவற்றைச் சில மாதம் கட்டிப் போட்டுத் தேற்றி, கார்த்திகை தீபச் சந்தைக்கு ஓட்டிப் போய் விற்பார். சந்தை வருவதற்குள் மாடு எவ்வளவு சதை பிடிக்கிறதோ அவ்வளவு லாபம். அதனால் எல்லாக் கொட்டகையிலும் ஒரே அவசரம். தவிடு, புண்ணாக்கு, கம்பங்கஞ்சி என்று சத்துத் தீனியை முதல் வாரத்திலேயே வாரிக் கொட்டுவார்கள்.

உங்கள் பெரியப்பா அப்படிச் செய்ய மாட்டார். தீனி வைத்துவிட்டு எல்லோரும் பீடி பிடிக்கப் போனால், அவர் தொட்டிக்கு எதிரில் நின்று மாடு தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரோடு நின்று நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். வெறும் வைக்கோலும் மல்லாட்டைக் கொடியும் போட்டால் மாடு வெகுநேரம் தலையைத் தூக்காமல் நின்று தின்னும். பிறகு படுத்துக்கொண்டு பகல் முழுக்க அசை போடும். தொண்டையில் உருண்டை ஏறுவதும் இறங்குவதும் நமக்கே தெரியும். சத்துத் தீனியைக் கூட்டிக்கொண்டே போனால் அதன் பழக்கம் மாறும். வரும், சீக்கிரம் நக்கி முடிக்கும், போய்விடும். தொட்டியில் நிற்கும் நேரம் குறையும், அசை போடும் நேரமும் குறையும். ஒரேயடியாகக் கூட்டினால் இன்னும் மோசம். இன்று பேய் மாதிரி தின்னும். நாளைக்கு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சுவரை நக்கும், கட்டிய கம்பத்தைக் கடிக்கும்.

"ஏன்டா, மாட்டுக்குத் தீனி வைக்கச் சொன்னா நீ ஜோசியம் பாத்துக்கினு நிக்கிற?" என்பார் முதலாளி.

"ஜோசியம் இல்லீங்க. இது காலையிலருந்து அசை போடல. இன்னிக்குத் தவிட்டக் கம்மி பண்ணிட்டு வக்கலு சேத்துப் போடணும்."

"தீபம் வந்துக்கினே இருக்குது. சதை ஏறணுமா வேணாமா?"

"ஏறும்ங்க. மெதுவா ஏத்தணும். சத்து ஏற ஏற அதுக்கு வாய்க்கு வேலை கம்மி ஆயிடுது. வாயி சும்மா இருந்தா வயிறு கெட்டுப் போவுதுங்க."

"எத்தச் சொன்னாலும் மெதுவா, மெதுவா! உனக்குப் பேரே மெதுவான்னு வெச்சிருக்கலாம்டா."

அன்றிலிருந்து கொட்டகையில் அவருக்கு அதுதான் பெயர். "டேய் மெதுவா, தண்ணி காட்டுனியா?" என்று கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போவார். கேலிப் பெயர்தான் என்றாலும் அதில் ஒரு மரியாதை இருந்தது. அவர் தேற்றிய மாடு சந்தையில் நின்றால், "மெதுவா கை பட்ட மாடுப்பா" என்று தெரிந்தவர்கள் பல்லைக்கூடப் பிடித்துப் பார்க்காமல் விலை பேசுவார்கள்.

எழுபதுகளில் ஒரு வருடம், முதலாளி அவருக்குக் கொட்டகையில் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தார். அங்கே தனக்கென்று ஒரு ஜோடியைக் கட்டினார் உங்கள் பெரியப்பா. இரண்டும் மயிலை நிறம், சாம்பல் கலந்த வெள்ளை. ஒன்று எதைப் போட்டாலும் உறிஞ்சிவிடும். அதற்கு அவர் வைத்த பெயர் அவசரக்காரன். இன்னொன்று ஒவ்வொரு வாய்க்கும் யோசிக்கும். அந்த ஜோடியைத் தீபச் சந்தையில் விற்றுவிட்டுச் சொந்தமாக ஒரு கொட்டகை போடுவது என்று முடிவு செய்திருந்தார். கல்யாணப் பேச்சு எடுத்தாலும், "கொட்டகை நிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பார். மழைக்காலம் முழுக்க அந்த ஜோடிக்குப் பார்த்துப் பார்த்துத் தீனியை ஏற்றினார். அசை குறைகிறது என்று தெரிந்தால் ஒரு படி இறக்குவார். தீபம் நெருங்கும்போது இரண்டும் தேய்த்து வைத்த பித்தளைக் குடம் மாதிரி நின்றன.

உங்கள் அம்மா அப்போது புதுப் பெண். மூத்தவளே, உன்னைச் சுமந்துகொண்டிருந்தாள். சந்தைக்கு எல்லோரும் வண்டி கட்டிப் போனோம். வண்டிக்கு அடியிலேயே சமையலும் படுக்கையும்.

தீபத்தன்று மதியம் கொண்டுவந்த வைக்கோல் தீர்ந்துவிட்டது. உங்கள் பெரியப்பாவும் நானும் கொட்டகைக்குப் போய் வைக்கோல் ஏற்றி வரப் புறப்பட்டோம். திரும்பும்போது ரோடு முழுக்க ஜனம். வண்டி நகரவில்லை. மலை உச்சியில் தீபம் ஏறியபோது நாங்கள் வைக்கோல் போரின் மேல் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டோம். "சாமியே பாத்துக்கும்டா, நாளைக்கி நல்ல பார்ட்டி வரும்" என்று அண்ணன் சொன்னார்.

நாங்கள் இல்லாத அந்த நேரத்தில், ஒரு சத்திரத்தில் அன்னதானம் செய்தவர்கள் மிஞ்சிய சோற்றைக் கூடை கூடையாகச் சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அண்ணாமலையார் பெயரில் ஆக்கிய சோறு, வீணாக்கக் கூடாது, வாயில்லா ஜீவனுக்குப் போகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். வருடா வருடம் நடப்பதுதான். அதில் ஒரு அம்மாள் உங்கள் அம்மாவைப் பார்த்து, "வயித்துப் புள்ளக்காரி, உன் கையால வைம்மா. நந்திக்கே வெச்ச மாதிரி. புள்ளைக்கு நல்லது" என்றிருக்கிறார். உங்கள் அம்மா வாங்கி இரண்டு மாட்டுக்கும் வைத்தாள். யோசிக்கிற மாடு மோந்து பார்த்து நாலு வாய் தின்று நின்றுவிட்டது. அவசரக்காரன் தன் பங்கை முடித்துவிட்டுத் தலையை ஆட்டியது. மீதியையும் அதற்கே வைத்தாள். அது தின்ற வேகத்தைப் பார்த்து அவளுக்கு மனம் குளிர்ந்துபோனது.

விடிந்ததும் அவசரக்காரன் வைக்கோலைத் திரும்பிப் பார்க்கவில்லை. அசை இல்லை. வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது. சந்தையில் கால்நடை டாக்டர் முகாம் போட்டிருந்தார்கள். நான் அங்கே ஓடினேன். அப்போது நடந்தது எனக்குத் தெரியாது. உங்கள் அம்மா சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

உங்கள் பெரியப்பா தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். விளிம்பில் பருக்கை ஒட்டியிருந்தது.

"சோறு எதுனா வெச்சியாம்மா?"

"ஆமா மாமா, சத்திரத்துச் சோறு. அன்னதானத்துது. அவசரக்காரன் நல்லா துன்னுச்சு மாமா, முழுக்க!"

அவர் தொட்டியிலிருந்து கையை எடுத்தாராம். பிறகு, "சரிம்மா. நீ வெயில்ல நிக்காத, வண்டிகிட்ட போயி உக்காரு" என்றாராம். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தொட்டி விளிம்பைச் சுற்றித் துடைத்தாராம். உங்கள் அம்மா அதையும் ஒரு சுத்தம் என்றுதான் நினைத்தாள்.

நான் டாக்டரோடு வந்தபோது கூட்டம் கூடிவிட்டது. முதலாளியும் வந்து நின்றார். டாக்டர் மாட்டின் விலாவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா தீனி குடுத்த?" என்று கேட்டார்.

உங்கள் பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கம்பங்கஞ்சி ஜாஸ்தி ஆயிடுச்சுங்க. நேத்து ராத்திரி நான்தான் தொட்டி நிறைய வெச்சேன்."

"விக்கிறதுக்கு முந்தின நாள் வயித்த நிரப்பிக் காட்டணும்னு ஆசையா? கம்பா இருந்தா என்ன, சோறா இருந்தா என்ன, அத்தினியும் உள்ள புளிச்சிப் போச்சுய்யா. வைத்தியம் ஒண்ணுதான், முடிஞ்சதப் பாக்கறேன்" என்று சொல்லி டாக்டர் மருந்தைக் கரைத்து ஊற்றினார். குறை சொல்ல முடியாது, கூடவே இருந்து பார்த்தார்.

முதலாளிதான் விடவில்லை. "இன்னாடா மெதுவா! ஊருக்கெல்லாம் பாடம் நடத்துவியே, மெதுவா ஏத்து, மெதுவா ஏத்துன்னு. சொந்த மாடுன்ன உடனே கையி நீண்டு போச்சா?"

கூட்டம் சிரித்தது. மறுநாள் வெயில் ஏறும்போது மாடு போய்விட்டது. நான் தாங்க மாட்டாமல், "அண்ணா, உனக்கா இந்தப் புத்தி?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "ஆச வந்துடுச்சுடா" என்றார். நானும் நம்பினேன்.

ஜோடியில் ஒன்று போனால் மற்றதற்கு மதிப்பில்லை. அதைத் தனிமாடாகக் கொடுத்துவிட்டு வந்தோம். சொந்தக் கொட்டகை நிற்கவில்லை. கல்யாணமும் நின்றது நின்றதுதான். உங்கள் பெரியப்பா கடைசி வரை இன்னொருவர் மாட்டுக்கே தீனி வைத்தார். "டேய் மெதுவா" என்று கூப்பிடும்போது குரலில் முன்பு இருந்த மரியாதை இல்லை. "கம்ப வாரிக் கொட்டினவன்தானே" என்று நான் வேலை செய்யும் மில்லிலேயே என் காதுபடப் பேசினார்கள். அப்படிப் பேசியவர்கள் இந்த மலரையும் கையில் வைத்திருக்கலாம். உங்கள் மேல் வருத்தம் இல்லை. அவரே சொன்னதைத்தானே நீங்கள் சொன்னீர்கள்.

பல வருடம் கழித்து, ஒரு பொங்கலுக்கு முன்னால், நம் ஊரில் மாட்டு வைத்திய முகாம் நடந்தது. மாட்டுக்குப் பொங்கலையும் சோற்றையும் அளவு தெரியாமல் வைக்காதீர்கள், வயிறு புளித்து உயிர் போய்விடும் என்று அங்கே சொன்னார்கள். உங்கள் அம்மா அதைக் கேட்டுவிட்டு நேரே கொட்டகைக்குப் போனாள். அவர் வழக்கம்போலத் தொட்டிக்கு எதிரில் நின்றிருந்தார்.

"மாமா, அன்னிக்கிச் சந்தையில... அது நான் வெச்ச சோறுதானே?"

"யாரு சொன்னா? அது கம்பும்மா."

"நீங்க தொட்டியத் தொடச்சீங்க மாமா. நான் பாத்தேன்."

அவர் மாட்டுக்கு முன்னால் ஒரு பிடி வைக்கோலைத் தள்ளிவிட்டுச் சொன்னாராம்: "நீ மாசமா இருந்த. சந்தையே உன்னத் திரும்பிப் பாத்திருக்கும். நாளைக்கி வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணுன்னா அதுக்கும் இத்த முடிச்சுப் போட்டுப் பேசுவாங்க. சாமி சோத்துமேல பழி போடவும் எனக்கு வாயி வரல."

"உங்க பேரு போச்சே மாமா."

"பேருதானே, அது வரும். மெதுவா வரும்." சொல்லிவிட்டுச் சிரித்தாராம். "யாருகிட்டயும் சொல்லாத. தம்பிகிட்ட கூட."

பெயர் வரவில்லை. அதற்குள் அவருக்கு மூச்சு இரைக்கும் நோய் வந்துவிட்டது. கடைசி மாதங்களில் தன் கட்டிலை நம் வீட்டுப் பின்கட்டில் மாடு கட்டும் சுவரோரம் போடச் சொன்னார். மாடு அசை போடும் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். உங்கள் அம்மா கஞ்சி புகட்டினால், "மெதுவாம்மா" என்று அவரே கேலி செய்துகொள்வார். ஒரு காலை அந்தக் கட்டிலிலேயே அடங்கிவிட்டார்.

காரியம் முடிந்து சாமான்களை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் அம்மா இவ்வளவையும் என்னிடம் சொல்லி அழுதாள். "அவரு சொல்லாதன்னாரு. இனிமேலும் சொல்லாம இருந்தா நான் மனுஷி இல்ல. புத்தகம் போடறப்ப இத்தப் போடுங்க" என்றாள். அவள் கேட்டபடி எழுதிவிட்டேன். எனக்கு இருக்கும் ஒரே வருத்தம், அவர் இருக்கும்போது ஒரு நாளாவது, "அண்ணா, நீ அப்படிச் செஞ்சிருக்க மாட்ட" என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். வேறு யார் சொல்லாவிட்டாலும் கூடப் பிறந்தவன் சொல்லியிருக்கலாம்.

மூத்தவளே, நீ இதைப் படித்துக் கலங்கக் கூடாது. பள்ளிக்கூடத்திலிருந்து நீ வரும்போது, "சாப்டியா, மென்னு சாப்டியா?" என்று உன்னை மட்டும் கேட்பாரே, அதை நினைத்துக்கொள். அவருக்கு அந்தச் சந்தையில் நஷ்டம் என்று அவர் நினைக்கவே இல்லை.

அவர் நோயில் கிடந்தபோது இரவு பகல் பார்க்காமல் உதவிய அக்கம்பக்கத்து வீட்டாருக்கும், ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டியவர்களுக்கும், மருந்து கொடுத்த டாக்டருக்கும், கடைசி வரை சம்பளத்தை நிறுத்தாத முதலாளி குடும்பத்தாருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அன்று சந்தையில் கூடவே இருந்து பார்த்த அந்த டாக்டர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். சோறு கொண்டுவந்த அந்தச் சத்திரத்து அம்மாளும்தான்.

படையல் முடிந்ததும் மாட்டுக்குச் சோறு வைப்பது நம் வழக்கம். இன்று சோறு வேண்டாம். பின்கட்டில் வைக்கோலும் அகத்திக்கீரையும் வைத்திருக்கிறோம். முதல் பிடியை உங்கள் அம்மா தன் கையால் வைப்பாள். நீங்களும் ஆளுக்கு ஒரு பிடி வையுங்கள். வைத்த உடனே பந்திக்குத் திரும்பிவிடாதீர்கள், இலை காத்திருக்கும். அது தின்று முடித்து, படுத்து, அசை போடத் தொடங்கும் வரை அவருக்காகக் கொஞ்சம் நில்லுங்கள்.