ஐயா திருத்தாத கதை

எங்கள் தெருக்கோடித் தேவாலயத்துப் போதகர் ஐயா பக்கவாதத்தில் விழுந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். மேலூர்ப் பக்கம் ஊர் ஊராக அலைந்து பேய்க்கதையும் கிடாவெட்டுக் கதையும் சேர்த்த மனிதர். அவற்றைப் பிரசங்கத்தில் சொன்னார். சின்னப் புத்தகமாக அச்சடித்துப் பஸ் ஸ்டாண்ட் கடைகளில் தொங்கவிட்டார். நான் கும்பிடுவது வேறு சாமி. அவருக்கு டேப் ரெக்கார்டர் தூக்கிக்கொண்டு போன ஆபீஸ் கிளார்க், அவ்வளவுதான்.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். பேச்சு போய்விட்டது. "பழகினதப் பேசிக்கிட்டே இருங்க. இந்த வாரம் வாய் திறக்கலேன்னா கஷ்டந்தான்" என்றார் டாக்டர். பயம் வந்தால் எனக்குக் கோமாளித்தனமும் கூடவே வந்துவிடும், அப்படியொரு பிறவி.

கதையை யாராவது பிசகிச் சொன்னால் ஐயாவுக்குப் பொறுக்காது. சாப்பிட்ட கை காயக் காய எழுந்துவந்து திருத்துவார். ஆகவே அவர் கட்டிலருகே உட்கார்ந்து தப்பாகச் சொல்வது என்று முடிவெடுத்தேன்.

கண்மாய் மடையைக் காக்கும் பேயின் கதை. மடை திறக்க வந்த திருடனிடம் அது சுண்ணாம்பு கேட்கும்.

"ஐயா, பேய் வந்து பீடி கேட்டுச்சு."

அவர் கண் மின்விசிறியிலேயே இருந்தது.

"பேய்க்கு முறுக்கு மீசைங்கய்யா."

ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தேன்.

"மடையத் திறந்தா மண்ணெண்ணெயாக் கொட்டுது! பேய் கேனோட வரிசையில நிக்குது!" என் குரல் கீச்சிட்டது. வார்டு முழுக்கச் சிரித்தது, ஐயாவைத் தவிர.

பக்கத்துக் கட்டிலில் வயிற்றுக் கட்டோடு கிடந்த மேலூர்க்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏண்ணே, எம்புட்டு நேரந்தான் பொறுக்குறது? பீடியா கேட்டுச்சு? சுண்ணாம்புல்ல கேட்டுச்சு! பஸ் ஸ்டாண்டுல பொஸ்தகம் வாங்கி எம்புள்ளைக்கு வாசிச்சிருக்கேன்."

"அண்ணே, உங்களக் கும்பிடுறேன், சொல்லிராதீக. அவரு சொல்லணும்."

"அவரு என்னத்தச் சொல்லுவாரு, பாவம். நீங்க தள்ளுங்க."

தொடங்கிவிட்டார். ஐயா நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, ஐயா இழுக்கும் இடத்தில் இழுத்து, ஒரு சொல் பிசகாமல். நர்ஸ்கூட நின்று கேட்டாள். நான் ஐயாவின் வாயருகே காதை வைத்துக் காத்திருந்தேன். கோழை மட்டுமே இரைந்தது.

கட்டிலின் மறுபக்கம் இருந்த ஐயாவின் மனைவி அவர் மோவாயில் வழிந்ததைத் துடைத்தார்.

"போதும் தம்பி. வீட்டுக்குப் போங்க."

"வாரேம்மா" என்றேன். எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தேன்.

"சரியாத்தானே சொன்னேன்?" மேலூர்க்காரர் ஐயாவைப் பார்த்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தும் கேட்டார்.